ஈரல் நோயாளிக்கு அரசு உதவி: எந்த மனுவை முதலில் போடுவது?

சென்ற மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். முதலாமவர், சேலத்துக்கு அருகே நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி. கணவருக்கு 41 வயது. ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது. "வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு பி.எஃப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள் அக்கா. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் மாதாமாதம் பணம் வரும் என்று என் நாத்தனார் சொல்கிறார். எதைச் செய்வது?" என்று கேட்டார். இரண்டாமவர் ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன். அப்பாவுக்கு 54 வயது. மூன்றாமவரின் கணவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்பவர்; வயது 47.

மூன்று வீட்டிலும் நோய் ஒன்றுதான். ஆனால் மூவருக்கும் என் பதில் வேறு வேறு. ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைவிட, நோய் வருவதற்கு முன்பே நோயாளியின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறியிருந்தது என்பதுதான் நம் ஊரில் உதவியை முடிவு செய்கிறது. இதை நான் என் அண்ணனுக்காக அலைந்துதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்வதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. மற்றவர்களுக்கு அந்த நான்கு மாதம் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான்கு கேள்விகள் போதும். இந்த நோயின் பெயருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறதா? கிடைப்பது கையில் பணமா, சிகிச்சையா? நோயாளி எத்தனை முறை நேரில் போய் நிற்க வேண்டும்? இதை எடுத்தால் வேறு ஏதாவது உரிமை கைநழுவிப் போகுமா?

மூன்றாவது கேள்வியைச் சிறியதென்று நினைக்கக் கூடாது. வயிற்றில் நீர் கோத்த நோயாளிக்கு நீர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்கு வரும் மனக் குழப்பத்தைத் தடுக்கக் கொடுக்கும் லாக்டுலோஸ் மருந்து குடித்தால் இரண்டு மூன்று முறை மலம் கழிய வேண்டும். அலுவலகத்துக்குப் போகும் நாளில் என் அண்ணன் இரண்டையும் நிறுத்திவிடுவார். வரிசையில் நிற்கும்போது எங்கே போவது என்ற பயம். வீடு திரும்பும்போது கால் வீங்கி, செருப்பு ஏறாது. ரப்பர் செருப்பின் வாரைக் கத்தரித்து ஊக்கு மாட்டி அகலப்படுத்தி வைத்திருந்தோம். காலை விரலால் அழுத்தினால் விழும் குழி, தானாக நிரம்ப நேரமாகும். ஒவ்வொரு தேவையற்ற நடையும் உடம்பில் ஒரு நாளைத் தின்றது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம்.

நான்காவது கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அதிக இழப்பு அதில்தான்.

## மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

எல்லோரும் முதலில் ஓடுவது இங்கேதான், நாங்களும் ஓடினோம். அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று முற்றி, சிரோசிஸ் என்னும் ஈரல் சுருக்க நோய் ஆகியிருந்தது. ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மருத்துவச் சான்று வாங்க மூன்று முறை போனோம். மூன்றாவது முறை ஒரு மருத்துவர் காகிதங்களைப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "இவர் வேலை செய்ய முடியாதவர் என்பது எனக்குத் தெரிகிறதம்மா. ஆனால் ஈரலுக்குச் சதவீதம் போட எங்கள் அட்டவணையில் இடமே இல்லை."

அவர் சொன்னது சரிதான். 1995-ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை ஆகிய மூன்று ரத்த நோய்களும் பார்க்கின்சன் நோயும் அதில் உண்டு. சிரோசிஸ் இல்லை. ஈரல் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கும் இடமில்லை.

இணையத்தில் தேடினால் வேறு கதை தெரியும். ஈரல் நோய்க்கு மாதப் பணம் உண்டென்று சொல்லும் பக்கங்கள் பல, அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியவை. அங்கே நாட்பட்ட ஈரல் நோய்க்குத் தனி விதியே இருக்கிறது. மாற்று அறுவை செய்தவரை அடுத்த ஓராண்டுக்கு இயலாதவராகவே கணக்கில் கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் நம் விதிக்கும் தொடர்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த அட்டை ஈரல் நோயாளிக்குப் பயன்படும் சூழல்களும் உண்டு. வில்சன் நோயில் தாமிரம் ஈரலோடு மூளையையும் தாக்கும்; கை நடுக்கம், நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல் இருந்தால் அதற்குச் சதவீதம் கேட்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்ததாலோ மதுவாலோ இடுப்பு எலும்பு மூட்டு ரத்த ஓட்டமின்றி அழிந்துபோனால், அது கைகால் இயக்கக் குறைபாட்டில் வரும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதால் ஈரலில் இரும்பு படிந்த தலசீமியா நோயாளி, பட்டியலில் உள்ள தலசீமியாவைக் காட்டியே கேட்கலாம். இப்படி ஒன்று இருந்தால் மனுவில் அதை முதலில் எழுதுங்கள்; ஈரலைப் பற்றி அடுத்த வரியில் எழுதலாம்.

குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால்தான் சலுகைகள். 2023 ஜனவரி முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய்.

## ஈ.எஸ்.ஐ: நோயின் பெயர் இங்கே எழுதப்பட்டிருக்கிறது

சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, கடை, மருத்துவமனை, பள்ளி எல்லாம் இதில் வரும்.

இதில் இரண்டு படிகள். முதல் படி, சாதாரண நோய்க்கால உதவி: ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். இரண்டாம் படிதான் முக்கியம். அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 34 நீண்டகால நோய்களுக்கு 91 நாள் முடிந்த பிறகும் நீட்டிக்கப்பட்ட உதவி உண்டு. கூலியில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை. வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. புற்றுநோயும் இருப்பதால் ஈரல் புற்றுநோயாளிக்கும் பொருந்தும். இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். நான்கு சந்தா காலங்களில் சேர்த்து 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவான நாள் கூலி 500 ரூபாய் என்றால், முதல் 91 நாள் தினம் 350 ரூபாய், அதன் பிறகு தினம் 400 ரூபாய். மாதத்துக்கு 12,000 ரூபாய் வருகிறது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தின் 1,500 ரூபாயோடு இதை ஒப்பிட்டால், யார் எங்கே முதலில் போக வேண்டும் என்பது விளங்கும்.

இன்னொன்று. பட்டியலில் இருப்பது நோயின் பெயர்தான். அது எப்படி வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. ஈரல் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் "குடித்திருப்பார்" என்று நினைக்கும் ஊர் இது. ஒரு சொட்டுக்கூடத் தொடாத என் அண்ணன், அந்தக் கேள்விக்குப் பயந்தே பல இடங்களுக்கு வர மறுத்தார். குடித்தே வந்ததாகட்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? வெட்கப்பட்டு மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் சில உண்டு. ஈ.எஸ்.ஐ மருந்தகத்து மருத்துவர் எழுதித் தரும் சான்று இல்லாத நாளுக்குப் பணம் இல்லை. அண்ணன் வெளியே தனியார் மருத்துவரிடம் காட்டிக்கொண்டு, ஆலைக்கு வெறும் விடுப்புக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று மாதக் கூலி அப்படியே போனது. ஒரு நாள் மருந்து வாங்கப் போன இடத்தில், மருந்து எடுத்துக் கொடுப்பவர், "சான்று வாங்கவில்லையா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே உறைத்தது. சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும் இந்த உதவி வராது. ஆலை கணக்கில் காட்டிய கூலி குறைவாக இருந்தால் 80 சதவீதமும் அதற்கேற்பக் குறையும். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்பவர்கள் சந்தா உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. நீட்டிப்புக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். அது பலனுள்ள நடை.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ராஜினாமா. வேலையில் இருப்பவருக்கான உதவி இது. கடிதம் எழுதிக் கொடுத்தால் இரண்டு ஆண்டுக்கான பணத்தை நாமே தள்ளிவிட்டதாக ஆகும்.

## பி.எஃப்போடு வரும் இயலாமை ஓய்வூதியம்

பி.எஃப் என்றால் மொத்தமாக எடுக்கும் பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதோடு 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக இயலாமல் போனவருக்கு அதில் வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு. சாதாரண ஓய்வூதியத்துக்குப் 10 ஆண்டுப் பணி வேண்டும். இதற்கு ஒரு மாதச் சந்தா இருந்தாலே போதும். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய்.

ஈரல் நோயாளிக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், இங்கே 21 வகைப் பட்டியல் இல்லை. இவர் செய்துவந்த அந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதைத்தான் மருத்துவக் குழு பார்க்கிறது. ஏற்காட்டுச் சரிவில் மூட்டை தூக்கியவர், பூச்சிமருந்து அடித்தவர், மிளகுக் கொடிக்கு ஏணி ஏறியவர், வயிற்றில் நீரோடு அதைச் செய்ய முடியாது என்று காட்டலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். தோட்டத் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ பழக்கமில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்து, மருத்துவமும் நோய்க்கால உதவியும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்துவருகின்றன. ஆனால் காபித் தோட்டங்களுக்கு பி.எஃப் உண்டு. பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தால் இந்த வழி திறந்திருக்கிறது.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. 10 ஆண்டுக்குக் குறைவான பணி உள்ளவர், படிவம் 10-சி கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் மாதப் பணத்துக்கு வழியில்லை. 50 வயது தாண்டியவர் அவசரத்தில் முன்கூட்டிய ஓய்வூதியம் கேட்டால், 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள். ஓய்வூதியக் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 10,000 ரூபாய், பணி 14 ஆண்டு என்றால், சம்பளத்தைப் பணி ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் கணக்கில் மாதம் 2,000 ரூபாய். 54 வயதில் முன்கூட்டியே வாங்கினால் அதில் ஏறக்குறைய 300 ரூபாய், உயிரோடு இருக்கும் வரை குறையும். அதே மனிதர் இயலாமை ஓய்வூதியமாகக் கேட்டு அது ஏற்கப்பட்டால் இந்த வெட்டு இல்லை. படிவம் இரண்டுக்கும் 10-டி தான். எந்த வகை ஓய்வூதியம் என்று குறிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும்.

நாமினி விவரத்தையும் இப்போதே சரிபாருங்கள். பேச மனம் வராத விஷயம்தான். ஆனாலும் ஓய்வூதியம் வாங்குபவருக்குப் பின் அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும்.

## முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு

இதில் கையில் பணம் வராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஈரல் மாற்று அறுவை போன்ற பெரிய சிகிச்சைக்கு, வரம்புக்கு மேலான தொகையைத் தனி நிதியிலிருந்து தருகிறார்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம்.

நோய் முற்றுவதற்குமுன் பதிவதுதான் நல்லது. நடு இரவில் ரத்த வாந்தி எடுத்து அவசரப் பிரிவில் கிடக்கும்போது வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா, ஆதாரில் உள்ளபடியே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாதாமாத மாத்திரை, பஸ் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி எல்லாம் நம் கையிலிருந்துதான். ஹெபடைடிஸ் பி, சி-க்கான மாத்திரையைப் பொறுத்தவரை, 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள். வெளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கவும்.

## வருவாய்த் துறை ஓய்வூதியங்கள்

இதில் நோய்க்கு இடமில்லை. 60 வயது நிறைந்த ஆதரவற்றவர் என்றால் முதியோர் ஓய்வூதியம். 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து வட்டாட்சியருக்கு அனுப்புவார். ஏற்காடு தனி வட்டம் என்பதால் மலையில் உள்ளவர்கள் இதற்காகச் சேலத்துக்கு இறங்க வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | ஈரல் நோய் என்றாலே போதுமா? | கிடைப்பது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| மாற்றுத்திறனாளி அட்டை | போதாது. 21 வகைகளில் ஒன்று வேண்டும் | மாதம் 1,500 ரூபாய், சலுகைகள் | வீண் நடை |
| ஈ.எஸ்.ஐ நீட்டிப்பு | நீர் கோத்த சிரோசிஸுக்குப் போதும் | கூலியில் 80%, 2 ஆண்டு வரை | சான்று தவறக் கூடாது. ராஜினாமா கூடாது |
| இயலாமை ஓய்வூதியம் | செய்துவந்த வேலையைச் செய்ய முடியாத நிலை வேண்டும் | வாழ்நாள் முழுவதும், குறைந்தது 1,000 ரூபாய் | 10-சி, முன்கூட்டிய ஓய்வூதியம் |
| முதலமைச்சர் காப்பீடு | போதும். வருமான வரம்பு உண்டு | 5 லட்சம் வரை சிகிச்சை | பணமாக வராது |
| முதியோர் ஓய்வூதியம் | நோயைப் பார்ப்பதில்லை | மாதம் 1,200 ரூபாய் | வயது 60 |

## மூவருக்கும் என் பதில்

நூற்பாலைக்காரரின் மனைவிக்கு: தங்கையே, கடிதம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். நாளை காலையிலேயே ஈ.எஸ்.ஐ மருந்தகத்துக்குப் போய்ச் சான்று வாங்குங்கள். 91 நாள் முடிவதற்குமுன்பே, சிரோசிஸ் என்றும் வயிற்றில் நீர் இருக்கிறது என்றும் தெளிவாக எழுதிய மருத்துவ அறிக்கையைத் தயாராக வைத்திருங்கள். ஸ்கேன் அறிக்கையில் அந்த இரண்டும் இருக்க வேண்டும். நீட்டிப்புக் காலம் முடியும் தறுவாயில், அப்போதும் வேலைக்குப் போக முடியாத நிலை என்றால், இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடுங்கள். வரிசை மாறினால் முதலாவது போய்விடும்.

ஏற்காட்டுத் தம்பிக்கு: அப்பாவின் பெயர் தோட்டப் பதிவேட்டில் இருக்கும்போதே இயலாமை ஓய்வூதிய வேலையைத் தொடங்குங்கள். முன்கூட்டிய ஓய்வூதியம் என்று யாராவது நிரப்பிக் கொடுத்தால் கையெழுத்துக்குமுன் படித்துப் பாருங்கள். காப்பீட்டு அட்டைக்கும் இதே நாளில் பதிந்துவிட்டால் அப்பா ஒரு முறை இறங்கினால் போதும். பஸ் பயண நாளில் மாத்திரையை எந்த நேரத்தில் கொடுப்பது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்; என் அண்ணனைப் போல நிறுத்திவிட வேண்டாம்.

கொலுசுப் பட்டறைக்காரரின் மனைவிக்குச் சொல்லத்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பட்டறையில் நான்கு பேர்தான்; ஈ.எஸ்.ஐ இல்லை, பி.எஃப் இல்லை. வயது 47. காப்பீட்டு அட்டை கிடைக்கும். அதை உடனே வாங்குங்கள். சிகிச்சைக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மாதாமாதம் பணமாக ஏதாவது வருமா என்று கேட்டீர்கள். சிரோசிஸ் ஒன்றை மட்டும் காட்டி, இந்த வயதில் மாத ஓய்வூதியம் வாங்க நான் மேலே சொன்ன திட்டங்களில் வழியில்லை. இடுப்பு வலி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். எலும்பு மருத்துவரிடம் அதை மட்டும் தனியாகக் காட்டுங்கள். அவர் எழுதுவதைப் பொறுத்து அட்டைக்கு வழி பிறக்கலாம்.

இந்த இடைவெளியை அடைக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு, மாநில அரசு பரிந்துரைத்தாலும், பரிந்துரைக்காவிட்டாலும், மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலமே அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்கிறது. ரத்த நோய்களுக்குக் கிடைத்த இடம் ஈரலுக்கும் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினருக்கும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கும் நான் எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டு நோயாளியின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அவர் என்ன வேலை செய்தார், இப்போது எத்தனை அடி நடக்க முடிகிறது, வயிற்றிலிருந்து மாதம் எத்தனை முறை நீர் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.